நாலு பேர் வீடு

எனக்கு எட்டு வயதானபோது ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டில் ஏழு மாதம் குடியிருந்தோம். சரியாகச் சொன்னால் அப்பா, அம்மா, அக்கா, தம்பி நான்கு பேரும் குடியிருந்தார்கள். நான் சனி, ஞாயிறு மட்டும் இருந்தேன்.

அதற்கு முன்பு திருவேற்காட்டில் வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. அந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, வேலை முடிந்ததும் அப்படியே வீடு தேடக் கிளம்பிவிடுவார். எங்கே போனாலும் முதல் கேள்வி, எத்தனை பேர் என்பதுதான். ஐந்து என்றதும் முகம் மாறிவிடும். இப்போதுதான் ஒருத்தர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள். கடைசியில் முத்தாபுதுப்பேட்டை ஓனரம்மா கேட்டபோது அப்பா நான்கு என்று சொல்லிவிட்டார்.

ஓனரம்மா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வயலை மனையாக விற்றது போக மிஞ்சிய இடத்தில் மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். தண்ணீர் மோட்டார் காலையில் அரை மணி நேரம்தான் ஓடும். "நாலு பேருக்கு மேல ஒரு ஆளு தங்கக் கூடாது. சொந்தக்காரங்க வந்தா ரெண்டு நாளு, அவ்ளோதான். தண்ணி கீற லட்சணம் நீயே பாக்குற இல்ல?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மூன்று பிள்ளைகளில் யாரை மறைப்பது? அக்கா அம்மாவை உரித்து வைத்தது போல இருப்பாள். தம்பி அம்மாவை விட்டு நகரமாட்டான். நான் அத்தை ஜாடை. அதனால் திருநின்றவூரில் இருந்த அத்தையின் மகளாகிவிட்டேன். சனிக்கிழமை காலையில் பையோடு வாசல் வழியாக விருந்துக்கு வருவேன். ஓனரம்மா காதுபட அப்பாவை மாமா என்றும் அம்மாவை அத்தை என்றும் கூப்பிட வேண்டும். முதல் வாரம் அக்காவுக்கும் எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா ஒருமுறை என் தோளைப் பிடித்து உலுக்கி, "வாய் தவறுச்சுன்னா அஞ்சு பேரும் தெருவுலதான்டி நிக்கணும்" என்றார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

வார நாட்களில் என் செருப்பு வீட்டுக்குள் இருக்கும். என் சீருடை கொடியில் காயாது, மின்விசிறிக்குக் கீழே காயும். விடிவதற்குள் அப்பா என்னைப் பட்டறைக் கூட்டாளி வீட்டில் கொண்டுபோய் விடுவார்; அங்கிருந்து பள்ளிக்கூடம். மாலையில் ஓனரம்மா கோயிலுக்குக் கிளம்பும்வரை தெருமுனைப் பெட்டிக்கடையில் நிற்பேன். அவருடைய கொலுசுச் சத்தம் எனக்கு அத்துப்படி. வகுப்பில் ஒருநாள் டீச்சர் என் அம்மாவின் பெயரைக் கேட்டபோது எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். அக்காவும் தம்பியும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அம்மாவுக்குத் துணிக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, விசிறி போடாதே, தண்ணீரைக் கொட்டாதே, இருமல் வந்தால் தலையணைக்குள் இருமு என்று சொல்லி, வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

பதினொரு மணி இருக்கும். கொலுசு கேட்டது. கூடவே ஷூ சத்தம். எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓனரம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது எங்களுக்குத் தெரியாது. பூட்டுக்குள் சாவி நுழைகிற சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் புகுந்து, டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டேன்.

ஓனரம்மாவின் பாதங்களும் இரண்டு ஜோடி ஷூக்களும் உள்ளே வந்தன. யாரோ இஞ்ச் டேப்பை இழுத்தார்கள். அதன் இரும்பு முனை தரையில் உரசிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் வந்தது. நேராக என்னை நோக்கி வந்து என் முழங்காலில் முட்டி நின்றது. நான் மூச்சுவிடவில்லை.

"சார், சுவர் வரைக்கும் போக மாட்டேங்குது. என்னவோ இடிக்குது."

"சாமான் வச்சிருப்பாங்க. அந்தப் பக்கம் புடி."

முனை பின்னால் போனது. என் பாவாடை நனைந்திருந்தது. இருமல் தொண்டைக்கு வந்துவிட்டது. மணிக்கட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

"குடித்தனம் இருக்காங்களேம்மா, பிரச்சினை பண்ணுவாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இன்னா பிரச்சினை? நாலு பேருதான் கீறாங்க. வாயில்லாப் பூச்சிங்க. சொன்னா பேசாம பூடுவாங்க" என்றார் ஓனரம்மா.

"அப்ப சீக்கிரம் சொல்லிடுங்க. மழைக்கு முன்னாடி இடிச்சாத்தான் பில்லர் போட முடியும்."

கதவு பூட்டப்பட்டது. அம்மா வரும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அம்மா என்னை வெளியே இழுத்து, ஈரப் பாவாடையையும் மணிக்கட்டில் பல் பதிந்திருந்ததையும் பார்த்துவிட்டு, "அந்தம்மா வந்தாங்களா? உன்னைப் பாத்துட்டாங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"பாக்கலைம்மா. நாலு பேருதான் இருக்காங்கன்னு சொன்னாங்க" என்றேன் பெருமையாக.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து என்னை மடியில் போட்டுக்கொண்டார். அன்று அப்பா வரும்போது எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் பாதுஷா வாங்கிவந்தார். கெட்டிக்காரி என்றார். மற்றதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதம் கழித்து ஓனரம்மா வந்து பத்து நாளில் காலி செய்யச் சொன்னார். பத்து நாளில், ஐந்து பேர் என்று சொல்லிக் கிடைத்தது திருநின்றவூர் ஏரிக்கரையை ஒட்டி, மழைத் தண்ணீர் உள்ளே வரும் ஒரு வீடு. சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியில் பாய்ச்சுருள் மேல் உட்கார்ந்திருந்தோம். "ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தாக்கூட மேடாப் பாத்து ஒரு வீடு புடிச்சிருப்பேன்" என்றார் அப்பா. கட்டிலுக்கு அடியில் நான் கேட்டதைப் பற்றித்தான் அவர் பேசுகிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. இனிமேல் யார் காதில் விழுந்தாலும் அம்மா என்று கூப்பிடலாம் என்கிற சந்தோஷத்தில், வழி நெடுகக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.