அம்மாவின் வட்டிலை எடை போட்ட நாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு ராஜபாளையத்தில் எனக்குச் சொந்தமாகத் தறிக்கூடம் இருக்கிறது. அதில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகிறது. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. எழுபதைத் தாண்டியும் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. போன மாதம், நோய் வராமல் இருக்க ஜனங்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் தறிக்கூடத்துக்கு வந்தாள். என் சாப்பாட்டைப் பற்றி நான் அளந்ததை அவளால் எழுதி மாளவில்லை. கடைசியாக, வீட்டில் ஆச்சி என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். கட்டிக்கொண்டு வந்து ஐம்பது வருஷம் ஆகப் போகிறது, எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தது. எனக்கு நான் பிறந்து வளர்ந்த சோழபுரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஊர் முழுக்கப் பெருமை பேசித் திரிகிற எனக்கு, இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா மாசமாக இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜீப்பில் ஓர் அக்கா வந்து, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடுகளாகப் பார்த்து விசாரித்தாள். பிறக்கிற பிள்ளை தெம்பாகப் பிறக்க வேண்டுமானால், தாய் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று முதலில் தெரிய வேண்டுமாம். ஒருநாள் வீட்டிலேயே இருந்து, சமைப்பதையும் தின்பதையும் தராசில் வைத்து எடை போட்டு எழுதிக்கொள்வாளாம். சாப்பாடு பத்தாத தாய்மாருக்குப் பிரசவம் வரைக்கும் மாசாமாசம் சத்துமாவு கிடைக்கும். எப்போதும் போலச் சாப்பிடுங்கள், எனக்காக எதுவும் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைகள் நாங்கள் அவளுக்குத் தராசக்கா என்று பெயர் வைத்தோம்.

மழை பொய்த்து, கிணறு வற்றி, எங்கள் அடுப்பில் நெல்லுச்சோறு வேகிறதே அபூர்வம் என்று ஆகியிருந்த காலம் அது. ஆனாலும் நாங்கள் நிலம் வைத்திருக்கிற குடும்பம். மாவு வாங்குகிற வீடு என்று பெயர் எடுத்தால் வெளியே தலைகாட்ட முடியுமா?

"அது இல்லாதவியளுக்குக் குடுக்கது. நமக்கு என்னத்துக்கு?" என்றார் என்னைப் பெற்ற அய்யா.

விதைக்கு வைத்திருந்த நெல்லை எடுத்துக் குத்தச் சொன்னார். தராசக்கா வருகிற அன்று காலையில் எங்கள் சேவல் கூவவில்லை. குழம்புச் சட்டியில் கிடந்தது.

அவள் அடுப்படியில் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடை போட்டவள், தினமும் இப்படித்தானா என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, எங்கள் வீட்டில் தினமும் கறிதான் என்றேன். அய்யா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

நாங்கள் தின்று முடிக்கும் வரை அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தாள். தராசக்காதான், "நீங்களும் உக்காருங்கம்மா. நான் பாக்க வந்ததே உங்க சாப்பாட்டத்தான்" என்றாள்.

எல்லாரும் எழுந்த பிறகு, மூலையில் உட்கார்ந்து சட்டியை வழித்துத் தின்கிறவள் அம்மா. அவள் சாப்பிட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றியதும் இல்லை. அய்யா தலையை ஆட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள். வட்டிலில் சோறும் கறியும் வைத்து, எடை போட்டு, அவள் முன்னால் வைத்தார்கள்.

முதல் இரண்டு வாய் மெதுவாகத்தான் தின்றாள். அப்புறம் எங்களை மறந்துவிட்டாள். வாயில் இருப்பதை மெல்லும் முன்பே கை அடுத்த கவளத்தை உருட்டியது. எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். குழம்பு முழங்கை வரைக்கும் வடிய, அதையும் நக்கினாள். தராசக்கா எழுதுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள். அய்யா வாசல் பக்கம் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போதுதானே தினமும் கறி என்று சொல்லியிருக்கிறேன்.

"எம்மா, மெள்ளத் தின்னு. அவிய பாக்காவ" என்றேன்.

அம்மாவின் கை வட்டிலிலேயே நின்றுவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "போதும் தாயி, வயிறு ரொம்பிருச்சு" என்று தராசக்காவிடம் சொன்னாள்.

இன்னும் பாதி இருக்கிறதே என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா அசையவில்லை. மிச்சம் வைத்ததையும் எடை போட்டுக் கழிக்க வேண்டுமாம். வட்டிலை மறுபடியும் தராசில் வைத்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். கறியும் சோறும் தின்ன மாட்டாமல் மிச்சம் வைக்கிற வீடாகிப் போனோம். பக்கத்து வீடுகளுக்கு மாவு வந்தது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அய்யா அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு ஜீப் கிளம்பிப் போனதும், அம்மா அந்த வட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

"தின்னுய்யா."

அதில் தொடைக்கறி ஒன்று முழுசாகக் கிடந்தது. அம்மாவுக்கு நிஜமாகவே வயிறு நிரம்பிவிட்டது, நமக்கு இன்றைக்கு நல்ல யோகம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தேன்.