விளக்குப் பெட்டியில் என் இதயம்

வலி எதுவும் இல்லை. 1991இல் ஒரு நாள், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வார்ப்பு ஆலையில் ஷிப்டு முடிந்து எங்கள் ஊர் வல்லம் வடகாலுக்குச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு தடதடத்தது. இறங்கி நின்றேன், அடங்கியது. மறுநாளும் வந்தது. அதற்கு மேல் என் மனைவி செல்வி பொறுக்கவில்லை. சென்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். இதயத்தின் மேலறைச் சுவரில் ஒரு கட்டி. என்ன கட்டி என்று எக்கோவால் சொல்ல முடியவில்லை. நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் (எக்ஸ்ரேயால் உடம்பைக் குறுக்குவெட்டாகப் படமெடுப்பது) பார்த்துவிடலாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நீங்களும் இப்படி ஒரு படத்துக்காகக் காத்திருக்கலாம். அதனால் நான் பண்ணிய கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆலையில் என் வேலையே எக்ஸ்ரே படம் பார்ப்பதுதான். வார்த்த இரும்பைப் படமெடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டுவோம். கறுப்புத் திட்டு தெரிந்தால் உள்ளே காற்று மாட்டி ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். சிவப்புப் பெயிண்ட் அடித்து ‘ரிஜெக்ட்’ என்று ஒதுக்கிவிடுவோம். திட்டு இல்லையென்றால் ‘பாஸ்’.

ஸ்கேன் மருத்துவர் ஓர் அம்மா. அதே மாதிரிப் பெட்டியில் என் படத்தை மாட்டினார். சாம்பல் நிற இதயத்துக்குள் கறுப்பாக ஒரு திட்டு. சட்டென்று எழுந்துவிட்டேன்.

“ரிஜெக்ட்டு. வா செல்வி, வூட்டுக்குப் போலாம்.”

“குந்துய்யா. அந்தம்மா இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள நீயே சொல்லிகினு கீற!”

மருத்துவர் என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் வரச் சொன்னார்.

“இரும்புல கறுப்புன்னா காத்து. உடம்புல அப்படி இல்ல. காத்து இதோ, நுரையீரல்ல. எவ்ளோ கறுப்பு பாருங்க. கட்டி அந்த அளவுக்கு இல்ல. தோலுக்கு அடியில ஓடுது பாருங்க, உங்க கொழுப்பு. கட்டியும் அதே நிறம்தான். மெஷின் காட்டுற அடர்த்தி நம்பரும் ஒண்ணுதான்.”

“அப்போ ஓட்டை இல்லியா?”

“ஓட்டையும் இல்ல, கேன்சரும் இல்ல. லிப்போமா.”

லிப்போமா (கொழுப்புக் கட்டி). இதயத்தில் அபூர்வமாகத்தான் வருமாம்.

“நான் ஊத்துன நெய்யாம்மா?” என்றாள் செல்வி.

“சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

கட்டி சிறியது, ரத்தம் போகும் வழியை அடைக்கவில்லை என்பதால் அறுவை வேண்டாம் என்று முடிவானது. படபடப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். எல்லோருக்கும் இப்படி விட்டுவிட முடியாது. வளர்ந்தாலோ அடைத்தாலோ எடுத்தாக வேண்டும் என்றும் சொன்னார்கள். உங்கள் படத்தை உங்கள் மருத்துவர்தான் படிக்க வேண்டும். என்னைப்போல் முந்திக்கொள்ளாதீர்கள்.

நெஞ்சில் கத்தி வைக்காமல், மூச்சைப் பிடித்துப் படுத்திருந்த நேரத்தில், உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லிவிட்டார்களே! நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை எக்கோவுக்குப் போகிறேன். முன்பெல்லாம் வருடம் திரும்பினால் என்ன முன்னேறினோம் என்று பார்ப்பேன். இப்போது எதுவும் மாறவில்லை என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறுகிறேன். ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் செல்வி என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, “பாஸு. வாய்யா, பசிக்குது” என்பாள்.