இரண்டு முடிச்சு நூல்

ஒட்டுசுட்டான் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் மரச்செதுக்கு வகுப்பு நடந்தது. ஒரு மீன்பிடிக்காரர் என் பக்கத்தில் இருந்து செதுக்கப் பழகினார். நாயாற்றிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். வெயிலில் வெளுத்த புருவம், உப்பில் வெடித்த விரல்கள். பெயர் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை, 'அண்ணை' போதுமாயிருந்தது.

நாங்கள் எல்லோரும் தாமரை செதுக்கினோம். அவர் மட்டும் வேப்பங்கட்டையில் ஒரு சின்னப் பாதம் செதுக்கினார். மகளுக்குக் கால் ஏலாது, நடக்கமாட்டாள். சுகம் வந்தால் அவள் பாதத்தின் அளவிலேயே ஒன்று செய்து மாதா கோயிலில் வைப்பதாக நேர்த்திக்கடன். உளி வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் மடியிலிருந்து ஒரு வலைநூலை எடுத்து அளப்பார். அதில் இரண்டு முடிச்சு: குதிகாலுக்கு ஒன்று, பெருவிரலுக்கு ஒன்று.

மாரிமழையில் வகுப்பு இரண்டு மாதம் நின்றது. திரும்பத் தொடங்கிய அன்றும் அவர் அதே நூலைத்தான் எடுத்தார். நான் பெரிய கெட்டிக்காரன்போல, "அண்ணை, பிள்ளை வளர்ந்திருப்பாள். புதுசா அளந்துகொண்டு வாங்கோ" என்றேன்.

அவர் நூலை மரத்தில் வைத்து நேராக்கினார்.

"இனி வளரமாட்டாள் தம்பி. மாரியில காய்ச்சல் வந்து தவறிட்டாள்."

"அப்ப இந்த நேர்த்தி...?" என்று இழுத்தேன்.

"செய்யிறன் எண்டு மாதாவிட்டச் சொல்லிப்போட்டன். பிள்ளைக்கும் சொன்னனான்."

குனிந்து, சின்னவிரலுக்கு நகம் செதுக்கத் தொடங்கினார்.

அன்று பாதத்தை முடித்து எடுத்துக்கொண்டு போனவர், அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை. சுகம் வந்தவர்கள் நன்றி சொல்லி வைக்கிற இடத்தில், அந்தப் பாதத்தை அவர் என்ன சொல்லி வைத்தாரோ!