பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று மணி

குன்னூர் பஜாருக்கு எந்தச் செய்தி வந்தாலும் முதலில் என் சுருட்டுக்கடையில் இறங்கி இளைப்பாறிவிட்டுத்தான் போகும். எந்தத் துரை தன் துரைசானியோடு பேசுவதில்லை என்பதுகூட அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை, எஸ்டேட் தபால் கொண்டுவரும் ரங்கன் சுருட்டுக் கேட்காமல் நின்றபோதே கல்லாவை மூடிவிட்டேன்.

"ராவுத்தரய்யா, நம்ம பெரிய கிளார்க் போயிட்டாருங்க. காலையில காப்பியக் கையில வாங்குனவரு அப்படியே சாஞ்சுட்டாரு. மூணு மணிக்கு எடுக்கறாங்க."

சின்னச்சாமி அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடைப் பாலத்தைத் தாண்டியிருக்கும் தேயிலை எஸ்டேட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். 'நாளைக்கு ரெண்டு டிக்கெட்' என்ற நாவலை எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்தவரும் அவரே.

எங்கள் நட்பைத் தொடங்கிவைத்தது ஒரு கடிகாரம். ஆட்களைச் சீக்கிரம் வேலைக்கு இறக்க வேண்டுமென்று அந்த எஸ்டேட்டுத் துரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். பஜாரில் ஒன்பது என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து. முதன்முறை சின்னச்சாமி அவர்கள் என்னைப் பத்து மணிக்கு வரச் சொன்னார். பஜார் பத்துக்குப் போய் நின்றேன்.

"வாங்க ராவுத்தரே! உங்க ஊர்ல இப்பத்தான் பத்து அடிச்சுதுங்களா?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடிபடவேயில்லை. அவருடைய மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தி முடிந்து, பாயசமும் தீர்ந்திருந்தது. பாயசத்துக்காகத்தான் போனேன் என்பது வேறு விஷயம்.

"என் சாவுக்காவது நேரத்துக்கு வாங்க. தூக்கறதுல ஒரு தோள் உங்களோடது, இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றார்.

"அதுக்கு முதல் நாளே வந்து படுத்துக்கறேனுங்க!"

கல்யாண வீடே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

அந்த ஒரு மணி நேரம்தான் பிறகு நாவலாயிற்று. ஃபாக்டரியில் அடுப்பெரிக்கும் மாரப்பன், இலை உலர்த்தும் மெஷினுக்குள் குட்டித் தூக்கம் போடுகிறான். எஸ்டேட் காவல் தெய்வமான முனி அங்கே கோபமாக வருகிறார். உச்சிப் பூஜைக்கு எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்று அவருக்கே குழப்பம். சுருட்டுப் புகையை உள்ளே விடுகிறார். மெஷின் இருவரையும் நூறு வருஷம் தாண்டி வருங்காலத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. அங்கே துரை நாற்காலியில் கொழுந்து பறித்தவளின் பேத்திக்குப் பேத்தி. "சுருட்டு வெளிய வெச்சுட்டு உள்ள வாங்க" என்று முனியையே அதட்டுகிறாள். அந்த முனி என் சாயல்தான் என்று பஜார் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் மறுக்கவில்லை, பெருந்தன்மை.

ஊர் திரும்பும்போது மாரப்பன் ஒரு மணி நேரம் மட்டும் பின்னால் போக முடியுமா என்று கேட்பான். முனி சொல்வார்: "நூறு வருசம் வேணும்னா ஏறு. ஒரு மணி நேரத்துக்கெல்லாம் வண்டி எடுக்க மாட்டேன். பாலம் இருக்குது, நடந்து போ."

அச்சாகும் முன்பே இதை எனக்குத்தான் வாசித்துக் காட்டினார். இதற்குமேல் ஒருவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

வியாழக்கிழமை, வாழ்நாளில் முதல்முறையாக முன்கூட்டியே கிளம்பினேன். வழியெல்லாம் தம்பட்டம் வேறு. தையல்காரரிடம், "பாருங்க, மூணு மணிக்கு அரை மணி முன்னாலயே போய் நிப்பேன்" என்றேன். அப்படியே போய் நின்றேன்.

வாசல் கழுவி விட்டிருந்தது. ஈரத் தலையோடு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய மனைவி என்னைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, பஜார் நேரத்துக்கு வந்துட்டீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"முன்னால ஒரு எடம் உங்களுக்குன்னு விட்டு வெச்சிருந்தோமுங்க. நேரமாச்சு நேரமாச்சுன்னாங்க. கடைசியில எந்தம்பி தோள் குடுத்தான்."

அவரைப் புதைத்த மேட்டுக்கு ஏறினேன்.

மேட்டில் மண் ஈரமாக இருந்தது. பக்கத்திலேயே முனியின் கல். மடியிலிருந்த சுருட்டைப் பற்றவைத்து அதன்முன் வைத்தேன். பள்ளிவாசலில் யாரும் சொல்லிவிட வேண்டாம். "ஒரே ஒரு மணி நேரம்" என்றேன். முனி அசையவில்லை. அவர்தான் நாவலிலேயே பதில் சொல்லிவிட்டாரே.

பாலத்தை நடந்து தாண்டினேன்.

"என்ன ராவுத்தரே, அதுக்குள்ள வந்துட்டீங்க? எடுத்துட்டாங்களா?" என்றார் தையல்காரர்.

அவர் கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் மூணு ஆகலீங்களே."

அது மூன்று அடித்தபோது என் கடை வாசலில் எழுந்து நின்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டுத் தோளைக் காலியாக வைத்துக்கொண்டேன்.

சின்னச்சாமி அவர்களே, பஜார் கணக்கில் இப்போதுதான் உங்களைத் தூக்கினோம். உங்கள் கணக்கில் நான் வரவேயில்லை. போய் வாருங்கள்.