பாதியைக் கொட்டச் சொல்லும் மாவு

இந்த ஊரில் ஒரு மாவை உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்றால் அதில் பாதியை எடுத்துக் குப்பையில் போட வேண்டும். ஜெர்மனிக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். மேல்வீட்டு ஹெல்கா ஒரு கண்ணாடிப் புட்டியில் புளித்த கோதுமை மாவு கொடுத்தார். இங்கே அதற்கு ஸவர்டைக் என்று பெயர். ரொட்டி உப்புவதற்கு ஈஸ்டுக்குப் பதிலாக இதைச் சேர்ப்பார்கள். அவ்வப்போது பாதியை எடுத்துவிட்டு, மீதிக்குப் புது மாவும் தண்ணீரும் ஊட்ட வேண்டும். எடுக்காமல் ஊட்டிக்கொண்டே போனால் முதலில் புட்டி போதாது, பிறகு வாளியும் போதாது. எடுத்த பாதியை என்ன செய்வது என்று கேட்டேன். ஹெல்கா ஜன்னல் வழியே முற்றத்தில் நின்ற பழுப்புத் தொட்டியைக் காட்டினார். மக்கும் குப்பைக்கான தொட்டி அது.

எங்கள் ஊர் அகரத்தில், வீட்டில் மாவைக் கொட்டி நான் பார்த்ததில்லை. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளிப்பு ஏறினால் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுப் பணியாரம். அதற்கும் மேல் போனால் கழனித் தண்ணீரில் கலந்து மாட்டுக்கு. அப்பா கத்தரியும் மக்காச்சோளமும் போடுகிறவர். விலை விழுந்த நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று கத்தரியைச் செடியிலேயே விட்டதுண்டு. ஆனால் வீட்டுக்குள் வந்த பண்டம் குப்பைக்குப் போனதில்லை.

ஹெல்காவின் புட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதே சிக்கல் தொடங்கிவிட்டது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பாதி மாவை அதில் நிரப்பிக் கொடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "உனக்குப் பிடிக்கவில்லையா?" என்றார். என் ஜெர்மனில் எவ்வளவு விளக்கியும் பயனில்லை. மறுநாள் புட்டியைக் கழுவித் துடைத்து, வெறுமையாகக் கொண்டுவந்து, "இது உனக்கே" என்று நீட்டினார். வாசலில் நின்று தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எடுத்த பாதி மாவையெல்லாம் குளிர்பெட்டியில் சேர்த்தேன். எள்ளும் சீரகமும் தூவி மெல்லிசாகத் தேய்த்து அடுப்பில் வாட்டினேன். வெங்காயம் போட்டு ஊத்தப்பம் சுட்டேன். கேக்கில் கலந்தேன். வேலைக்குப் போய்வரும் ஒற்றை ஆள் எவ்வளவுதான் தின்ன முடியும்? புட்டிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்றன. குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ குற்றம் செய்தவள்போலக் கையை உள்ளே விட்டுச் சட்டென்று மூடுவேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். மாட்டைப் பார்த்துக்கொள்ள அப்பா ஊரிலேயே நின்றுவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும் நான்தான். "ராத்திரிக்குச் சோறு வேணாம்மா, கோதுமை சாப்பிடு" என்று போனில் சொன்னதும் நான்தான். சர்க்கரை என்றதும் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான் அது. படித்தவள் வாயிலிருந்து வந்ததால் எங்கள் வீட்டில் அது வைத்தியமாகிவிட்டது.

அம்மாவுக்காக மாவுச்சத்து குறைந்த ரொட்டி ஒன்று பழகினேன். பாதாம் தூள், அரைத்த ஆளிவிதை, முட்டை, சமையல் சோடா. அதோடு குளிர்பெட்டியில் இருந்த புளித்த மாவில் இரண்டே கரண்டி. புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைத்து ரொட்டியைத் தூக்கிவிடும். கோதுமை பேருக்குத்தான். அம்மா ஒரு துண்டு பிட்டு முகர்ந்தாள்.

"ஏத்தா, இது நம்ம சிவலை மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்குல்ல? இதத் திங்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்?"

"சர்க்கரைக்கு நல்லதும்மா."

"சிவலைக்குச் சர்க்கரையே இல்ல, பாத்துக்க."

சிரித்தாலும் காலையில் ஒரு துண்டு தின்றாள். எனக்கு நிம்மதி. ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது அம்மா குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து, "இதென்னத்தா இம்புட்டு மாவு?" என்றாள்.

"மிச்சம்மா. கொட்டணும். எனக்குத்தான் மனசு வரல. வீணாப் போகுது" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அன்றிலிருந்து புட்டிகள் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. என்னால் முடியாததை அம்மா செய்துவிட்டாள் என்று நினைத்தேன். பாவத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டோமே என்று உறுத்தியது. ஆனாலும் கேட்கவில்லை. குளிர்பெட்டி காலியாவது சுகமாக இருந்தது.

அம்மாவின் சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. குளிரைக் குற்றம் சொன்னேன். நடை இல்லாததைச் சொன்னேன். வாழைப்பழம் தின்றதற்குத் திட்டினேன். பாதாம் ரொட்டியைக்கூட அரைத்துண்டாகக் குறைத்தேன். அம்மா அந்த அரைத்துண்டையும் தின்றாள்.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் ஹெல்கா என்னை நிறுத்தினார். "உன் அம்மா சுடும் பான்கேக் அருமை. தினமும் மதியம் எனக்கும் ஒன்று கொண்டுவந்து தருகிறார். வயதானவர் இவ்வளவு ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்கவே சந்தோஷம்" என்றார். பாராட்டத்தான் சொன்னார். நான் நன்றிகூடச் சொல்லாமல் படியேறினேன்.

"அம்மா, அந்த மாவ என்ன செஞ்ச?"

"தோசை ஊத்துனேன்."

"அம்புட்டையுமா?"

"அந்த அம்மாவுக்கும் ஒண்ணு குடுத்தேன். தனியா இருக்குல்ல, பாவம்."

"சர்க்கரை ஏறுதேம்மா! தெரிஞ்சுக்கிட்டே திங்கிற?"

அம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கோதுமைதானத்தா? நான் என்ன சோறா தின்னேன்? நீதானே கோதுமை திங்கச் சொன்ன?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வீணாப் போகுதுன்னு நீ மூஞ்சி வாடிப் போன. அதப் பாத்துக்கிட்டு நான் சும்மா இருப்பனா? இங்க மாடும் இல்ல. வேற யாரு திம்பா?"

நான் கொட்டத் துணியாத குற்ற உணர்ச்சியை அம்மா மதியந்தோறும் தின்று தீர்த்திருக்கிறாள். அதுவும் நான் படித்துச் சொன்ன சொல்லை நம்பி. பழுப்புத் தொட்டியாக இருந்தது என் அம்மாவின் உடம்பு. தவிடு நீக்கிய வெள்ளைக் கோதுமை மாவும் அரிசியைப் போலத்தான் சர்க்கரையை ஏற்றும் என்று அவளுக்குச் சொன்னேன். "அப்ப எதத்தான் திங்கிறது?" என்றாள். புண்ணாக்கு என்றேன். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஊர் டாக்டரிடம் போனில் கேட்டோம். தோசை நின்றது, அளவு மெல்ல இறங்கியது. இப்போது புட்டியில் இரண்டு கரண்டி மாவுதான் வைத்திருக்கிறேன். குறைவாக வைத்தால் மிச்சமும் குறைவு. இதை முதலிலேயே ஹெல்காவிடம் கேட்டிருக்கலாம்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். சனிக்கிழமை காலை நான் மாவு ஊட்டும் நேரம் அங்கே மதியம். வீடியோவில் வருவாள். போன வாரம் மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாள்.

"எடுத்தியா? என் கண்ணு முன்னால கொட்டு. சேத்து வைக்காத."

சமையலறைக் குப்பைக் கூடையைத் திறந்து, கரண்டியைக் கவிழ்க்கப் போனேன். கொட்டச் சொன்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனும் கையோடு திரும்பியது. திரையில் சிவலை கழனித் தொட்டிக்குள் முகத்தை விட்டு, அடி வரைக்கும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"கொட்டிட்டியா?" என்று குரல் மட்டும் கேட்டது.

"கொட்டிட்டேம்மா" என்றேன். கரண்டி இன்னும் கூடைக்கு மேலேயே இருந்தது.