பேரரசின் பக்கம் நின்ற லெஸ்லி

லெஸ்லி அண்ணைக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த நாளில் இருந்து அவருடைய பேச்சில் ஒரு சொல் மாறிப்போனது. அதுவரை 'வெள்ளைக்காரன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 'நாங்கள்' என்று சொல்லத் தொடங்கினார். நெப்போலியனை நாங்கள் அடித்தோம். இந்தியாவுக்கு ரயில் நாங்கள் விட்டோம். மன்னார்ப் பேசாலையில் பிறந்து, போருக்குத் தப்பி, ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போட்டோடு ஹீத்ரோவில் இறங்கி அழுத மனிதர் நெப்போலியனை எங்கே கண்டார் என்று எங்கள் தேவாலயப் பங்கில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவார் என்ற பயம்.

தெற்கு லண்டன் நோர்பரியில் எங்கள் பங்குக்காரர் பலர் பல வேலை செய்கிறோம். லெஸ்லி அண்ணைக்குக் கவுன்சிலில் பார்க்கிங் வோர்டன் வேலை. தொப்பியைப் போட்டால் நடை மாறிவிடும். பூசை வைக்க வந்த பங்குத்தந்தையின் காரிலேயே ஒருமுறை தண்டப்பண டிக்கெட் எழுதி ஒட்டிவிட்டு, "சட்டம் எண்டால் சட்டம் ஃபாதர்" என்றார். அதை ஒரு வீரச்செயல் போலப் பல வருடங்கள் சொல்லித் திரிந்தார். அவருடைய மனைவி மரினா அக்கா வீட்டில் இருந்தே சேலைச் சட்டை தைத்துக் கொடுப்பவர். இந்தக் கதையில் பாதி, நான் சட்டைக்கு அளவு கொடுக்க அங்கே போய் நின்றபோது கேட்டது.

பழைய போர்களைப் பூங்காக்களில் நடித்துக் காட்டும் சங்கம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருந்தது. ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் நடத்தினார்கள். தலைவர் பெயர் நைஜல். காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருடம் கதிரை தேய்த்தவர். வாரநாட்களில் முழங்கால் வலி, சனிக்கிழமைகளில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கேணல். லெஸ்லி அண்ணை அதில் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த அன்றே மரினா அக்காவிடம் சிவப்புத் துணி வாங்கிக் கொடுத்து, படத்தைக் காட்டி, அரச படைச் சிப்பாயின் கோட்டு ஒன்று தைக்கச் சொன்னார். அக்கா கலியாண வீட்டு வேலைகளைத் தள்ளிவைத்துத் தைத்துக் கொடுத்தார். வெள்ளைப் பட்டி, பித்தளைப் பொத்தான், எல்லாம் அச்சொட்டாக இருந்தது. சங்கத்திலேயே ஒழுங்கான கோட்டு அது ஒன்றுதான்.

ஆனால் அவரை முன்வரிசையில் ஒருநாளும் நிற்கவிடவில்லை. சங்கத்தில் இரண்டு சாதி உண்டு. தொடக்கத்தில் இருந்து இருந்தவர்கள் முழு அங்கத்தவர்கள். அவர்களுக்கு வாக்கு உண்டு. பிறகு வந்தவர்கள் துணை அங்கத்தவர்கள்; அவர்களுக்குக் கூடாரம் அடிக்கிற வேலை உண்டு. பிறகு வந்தவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. லெஸ்லி அண்ணை, கானாவில் பிறந்த குவாசி என்ற பஸ் சாரதி, இன்னும் நாலைந்து பேர்.

இனிமேல் நிகழ்ச்சி நாட்களில் துணை அங்கத்தவர்கள்தான் எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்று கமிட்டி ஒருநாள் தீர்மானித்தது. அவர்களைக் கேட்கவில்லை. லெஸ்லி அண்ணை அதைப் பதவியுயர்வு மாதிரி வீட்டில் வந்து சொன்னார்.

"வோட்டும் இல்லை, முன்னுக்கு நிக்கவும் விடுறாங்கள் இல்லை. நான் சுடுற ரோல்ஸ் மட்டும் வேணுமாமோ?" என்றார் மரினா அக்கா. "பிறகேன் அங்க போறியள்?"

"நீர் சும்மா இரும் மரினா. நைஜல் என்னை 'லெஸ்' எண்டுதான் கூப்பிடுறவர்."

அந்த வருடம் மார்கழியில் சங்கத்துக்கு ஒரு பெரிய நாள் வந்தது. அமெரிக்கா இங்கிலாந்தின் காலனியாக இருந்த காலத்தில், பொஸ்டன் துறைமுகத்தில் காலனிக்காரர்கள் கப்பலில் ஏறி, தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய சம்பவம் நடந்து இருநூற்றைம்பது வருடம். அதிலிருந்து பற்றியதுதான் பிறகு போராகி, அமெரிக்கா தனிநாடானது. அதை நடித்துக் காட்டப்போகிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையும் வருகிறது.

லெஸ்லி அண்ணைக்கு அந்தக் காலனிக்காரர்களைக் கண்ணில் காட்டக் கூடாது.

"விசரங்கள். தேயிலை விலை கூடினதெண்டே அடிபட்டவங்கள்? அந்த வருசம் விலை குறைஞ்சது. நாங்கள் மலிவாக் குடுத்த தேயிலையைக் கொண்டுபோய்க் கடலில கொட்டினவங்கள். ஒரு சின்ன வரி. அதுக்கு ஒரு போர். நன்றிகெட்ட சனம்!"

அவர் பார்க்கிங் டிக்கெட் எழுதுகிறவர். வரியை எதிர்க்கிற எவனும் அவருக்குக் கள்ளன்தான்.

ஒத்திகை நடந்த மண்டபத்தில் நைஜல் அவரை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். தோளில் கைபோட்டுத்தான் கூட்டிப்போனாராம். இந்த நாட்டில் தோளில் கை விழுந்தால் கவனமாக இருக்க வேண்டும்.

"லெஸ், தப்பாக எடுக்காதே. அன்றைக்குக் கமெராக்காரர் வருவார்கள். அந்தக் காலத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் இல்லையா? உனக்கு நல்ல வேடம் ஒன்று வைத்திருக்கிறேன். தேயிலைப் பெட்டி தூக்கும் துறைமுகக் கூலி. நீயும் குவாசியும்."

"என்னட்டச் சிவப்புக் கோட்டு இருக்கே," என்றாராம் லெஸ்லி அண்ணை, ஆங்கிலத்தில்.

"அருமையான கோட்டு," என்றார் நைஜல். "அதை முன்வரிசை ரிச்சர்டுக்கு ஒருநாள் இரவல் கொடுக்கலாமே."

இதைச் சொன்ன மனிதரின் காதில் கேட்கும் கருவி இருந்தது. முழங்காலுக்குள் உலோகத் தகடு இருந்தது. வயிற்றுக்கு மேலே கேணலின் பொத்தான் பூட்டுப்படவில்லை. அவர் அந்தக் காலத்துக்குப் பொருத்தம்.

லெஸ்லி அண்ணை சண்டை பிடிக்கவில்லை. கமிட்டியில் வந்து பேச விடும்படி மின்னஞ்சல் போட்டார், பதில் இல்லை. நைஜலின் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பினார்கள். கடைசியில் செயலாளர், துணை அங்கத்தவர்களுக்குக் கமிட்டியில் பேச இடமில்லை என்று தொலைபேசியில் சொல்லி, ரோல்ஸை மறக்க வேண்டாம் என்றும் சொன்னார். அமெரிக்காக்காரர்களும் முதலில் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மன்னருக்கு மனுக்கு மேல் மனு எழுதினார்கள். கடைசி மனுவை மன்னர் கையால் வாங்கவே இல்லை.

அன்று பின்னேரம் நான் மரினா அக்காவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றேன். லெஸ்லி அண்ணை குசினி வாசலில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"மரினா, அது வரிக் காசு இல்லையப்பா."

"எது?"

"அந்தப் பொஸ்டன்காரருக்கு. மலிவோ விலையோ எண்டது இல்லை விசயம். அவங்களை ஒரு சொல்லுக் கேக்கேல்ல. பாராளுமன்றத்தில அவங்களுக்கு ஒரு ஆள் இல்லை. இஞ்ச இருந்து முடிவெடுத்துப்போட்டு, அங்க நீ கட்டு எண்டினம். அவங்களும் தங்களை இங்கிலீசுக்காரர் எண்டுதானே நினைச்சுக்கொண்டிருந்தவங்கள்? இங்கிலீசுக்காரன் மட்டும் அப்பிடி நினைக்கேல்ல."

மரினா அக்கா மெசினை நிறுத்தவில்லை. "இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இருபது வருசம் எடுத்திருக்கு," என்றார்.

நிகழ்ச்சி நாள் கடுங்குளிர். பூங்காவில் ஒரு குளம். குளக்கரையில் காட்போட் கப்பல். உண்மைச் சம்பவத்தில் சிப்பாய்கள் சண்டைக்கே வரவில்லை. ஆனால் சங்கத்தில் பாதிப்பேரிடம் சிவப்புக் கோட்டு இருந்தபடியால் அன்று சிப்பாய்கள் வந்தார்கள். ரிச்சர்டுக்கு இரவல் கோட்டு கிடைக்கவில்லை. லெஸ்லி அண்ணை மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார்.

சாக்குச் சட்டை போட்டுக்கொண்டு அவரும் குவாசியும் பெட்டியைத் தூக்கிவந்து கப்பலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கிளர்ச்சிக்காரர்களாக நடித்த பெடியள் மூடியைத் திறந்தால் உள்ளே வைக்கோல் இருக்க வேண்டும். இருந்தது மரினா அக்கா தைத்த கோட்டு. பெடியள் முழுசிக்கொண்டு நின்றார்கள். லெஸ்லி அண்ணை குனிந்து அதை எடுத்தார். பித்தளைப் பொத்தான்கள் மினுங்கின. சுழற்றி, பலம் கொண்ட மட்டும், குளத்துக்குள் எறிந்தார்.

சனம் கைதட்டியது. காட்சியில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். நைஜல் பல்லைக் கடித்துக்கொண்டு, "லெஸ், இது கதையில் இல்லை," என்றார்.

"கதையில் நான்தான் இல்லை," என்றார் லெஸ்லி அண்ணை. "நாங்கள் விலகுகிறோம்."

குவாசி வெறும் பெட்டியின் மூடியைத் தொம் என்று சாத்திவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தார். மற்றத் துணை அங்கத்தவர்களும் போனார்கள். அதற்கும் கைதட்டல். ஒரு பேரரசை உடைத்துக்கொண்டு போகிறவனுக்கு அது பெரிய அவமானம்தான்.

"ஐயோ, என்ர கோட்டு," என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற மரினா அக்கா. ஆனால் கண் கலங்கியிருந்தது. அவர் புருசனை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. நானும் அன்று ஒருநாள் அந்த மனிதரை மதித்தேன்.

அந்த மதிப்புத் தை மாதம் வரை தாங்கியது.

விலகியவர்கள் சேர்ந்து நோர்பரியில் தனிச் சங்கம் தொடங்கினார்கள். இதில் எல்லாரும் முழு அங்கத்தவர், எல்லாருக்கும் வாக்கு. பங்கு மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி. முதல் நாடகமாக அமெரிக்கச் சுதந்திரப் போரையே எடுத்தார்கள். லெஸ்லி அண்ணை இப்போது கிளர்ச்சிக்காரர்களின் ஜெனரல், கோட்டு நீலம். வேடங்களைப் பங்கிட்டபோது குவாசிக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? ஜெனரலின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அடிமை. குதிரையும் இல்லை. ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

குவாசி, "எனக்கு ஏன் இது?" என்று கேட்டார்.

"அந்தக் காலத்தில் அப்படித்தான். விடுதலை கேட்ட ஜெனரல்மார் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். பொருத்தமாக இருக்க வேண்டும்," என்று லெஸ்லி அண்ணை விளக்கம் சொன்னார். சொன்னது சரித்திரப்படி சரி. சொன்ன வாய்தான் கூசவில்லை.

குவாசி கோட்டு எறியவில்லை. பேச்சுப் பேசவில்லை. கயிற்றைச் சுருட்டி ஒரு காரின் பொனற்றில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கிழமை இன்னும் இருவர் வரவில்லை. மாசி முடிவில் அந்தத் தனிநாட்டில் ஜெனரல் மட்டும் மிஞ்சினார்.

தான் செய்தது என்னவென்று அவருக்கு விளங்க இன்னும் சில மாதங்கள் எடுத்தன. மரினா அக்கா சொல்லித்தான் விளங்கியது. அதுவும் நல்ல வார்த்தையில் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை லெஸ்லி அண்ணை தோர்ன்டன் ஹீத் நிறுத்தத்தில் காத்துநின்று குவாசி ஓட்டும் பஸ்ஸில் ஏறினாராம். மேல்தட்டுக்குப் போகாமல், சாரதிக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை நின்றாராம். அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது மரினா அக்கா எனக்கு இதைச் சொன்னார்.

"அண்ணை மன்னிப்புக் கேட்டவரே?" என்று கேட்டேன்.

"கேட்டவராம். எல்லாரும் இறங்கினாப் பிறகு கேட்டவராம். அந்தாள் கண்ணாடிக்கு உள்ளுக்கிருந்து, கேக்கேல்ல எண்டு காதைத் தொட்டுக் காட்டினவராம்."

"பிறகு?"

"பிறகும் ஒருக்காச் சொன்னவராம், பலமா. அந்தாள் கதவைத் திறந்துவிட்டிட்டு, 'லாஸ்ட் ஸ்டொப், சேர்' எண்டவராம்."

"பேரைச் சொல்லாமல் 'சேர்' எண்டோ?"

"ஓம். அதுதான் இவருக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கேல்ல," என்றார் மரினா அக்கா. சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊற்றுகிற மேசைப் பக்கம் போய்விட்டார்.