‘சாரி’க்கு ஸ்பானிஷில் ஒரு சொல்

மாப்பிள்ளையின் அப்பா காலமாகிவிட்டார் என்று ஸ்பெயினிலிருந்து மகள் போன் செய்தபோது, அம்பத்தூரில் நானும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ சாவு என்றால் கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, மாலையோடு போய் நின்றிருப்பேன். கடல் கடந்த சாவுக்கு எப்படிப் போவது? கையில் சோறு காய உட்கார்ந்திருந்தேன்.

மகளே வழி சொன்னாள். “அத்தைகிட்ட நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கப்பா. உங்கப்பாவுக்கு எங்களப் பிடிக்கலையான்னு ஒருதரம் கேட்டுட்டாங்க.”

கல்யாணம் அங்கேயே நடந்தது. மனைவிக்கு அப்போதுதான் முட்டி ஆபரேஷன், எங்களால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு சம்பந்தியம்மாளும் நாங்களும் வீடியோவில் பல்லைக் காட்டிக் கையசைத்ததோடு சரி. மகளும் மாப்பிள்ளையும் இருப்பது அந்த அம்மாளின் வீட்டில். என் பெண்ணின் முகத்துக்காகவாவது இந்த ஒரு வார்த்தை சரியாக விழுந்தாக வேண்டும்.

‘சாரி’ என்றுதானே சொல்ல வேண்டும்? நம் ஊரில் காலை மிதித்தாலும் சாரி, லேட்டாக வந்தாலும் சாரி, ஆள் செத்தாலும் சாரி. போனில் தட்டிப் பார்த்தேன். பெர்தோன், திஸ்குல்பே, லோ சியெந்தோ என்று ஒன்றுக்கு மூன்றாக வந்து விழுந்தன. நான் ஆவடி ராணுவ டேங்க் பாக்டரியில் வேலை பார்த்தவன். சேராத ஸ்பானரைப் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும், பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. எனவே மகளிடமே கேட்டேன். பெர்தோன் கூட்டத்தில் இடித்துவிட்டுச் சொல்வதாம். திஸ்குல்பே கடைக்காரரைக் கூப்பிடுவதற்குச் சொல்வதாம். லோ சியெந்தோ பரவாயில்லை, ஆனால் வேலை கிடைக்காதவரிடமும் அதையே சொல்வார்களாம். சாவுக்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது என்றாள்: ‘லே அகொம்பாஞோ என் எல் செந்திமியெந்தோ.’ உங்கள் துக்கத்தில் கூடவே இருக்கிறேன் என்று அர்த்தம்.

நான் சொல்ல நினைத்ததும் அதைத்தான். ஆனால் நாக்கு ஒத்துழைக்க வேண்டுமே! மறுநாள் விடிந்ததிலிருந்து அதையே மென்றுகொண்டிருந்தேன். “பல்லு செட்டு கழண்டு விழுந்துடப் போகுது” என்றாள் மனைவி.

கீழ்வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், பாக்டரியில் என்னோடு இருந்தவர். மாடிப்படியில் நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன்.

“இன்னா சாரே நீ? சாவு ஊட்ல எவனாச்சும் டயலாக் பேசுவானா? கைய புட்சிக்கினு கம்முனு குந்து. அவங்க இன்னா சொன்னாலும் தலைய ஆட்டு. அவ்ளோதான்.”

நியாயம்தான். ஆனால் போனில் எந்தக் கையைப் பிடிப்பது?

மதியம் கூப்பிட்டோம். அங்கே காலை. மகள் போனை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, துக்கம் கேட்க வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள். சம்பந்தியம்மாள் கறுப்பு உடுப்பில் இருந்தார், என் வயதுதான் இருக்கும். வாக்கியத்தைச் சொன்னேன். ஓர் எழுத்து சிந்தவில்லை.

அந்த அம்மாள் உடைந்துபோனார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இவ்வளவு சுத்தமாகச் சொன்னவனுக்குப் பாஷை தெரியும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் என் மகளின் பெயர் வந்தது, இந்தியா என்று வந்தது. பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, நிறைந்த கண்ணோடு என்னையே பார்த்தார்.

தலையாட்டினேன். பறிகொடுத்தவர் “இனி எனக்கு யார் இருக்கா” என்று அழும்போது மறுத்தா பேசுவோம்? தலையைத்தான் ஆட்டுவோம். அவர் மெதுவாக மறுபடி அதையே சொன்னார். நானும் மறுபடி ஆட்டினேன், இன்னும் அழுத்தமாக. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி முழங்கையால் இடித்தாள். துக்க வீட்டில் ‘போய்வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். சொல்லாமல் போனை அணைத்தேன். முறையெல்லாம் சரியாகச் செய்துவிட்ட திருப்தியில் இரண்டு பேரும் தலைக்குக் குளித்தோம்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

“அத்தைகிட்ட என்னப்பா சொன்னீங்க?”

வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னேன்.

“அது இல்லப்பா. இனிமே எங்க ரெண்டு பேரையும் இந்தியாவுக்கே கூட்டிக்கப் போறீங்களா, அவங்களத் தனியா விட்டுடுவீங்களான்னு கேட்டிருக்காங்க. நீங்க ரெண்டு தரம் ஆமான்னு தலையாட்டிட்டு, ஒரு வார்த்தை பேசாம போனை வச்சிட்டீங்களாம்.”

எங்கள் வழக்கம் இது என்று எடுத்துச் சொல்லம்மா என்று கெஞ்சினேன். சொல்லியாயிற்றாம். சம்பந்தியம்மாளும் சரி சரி என்று கேட்டுக்கொண்டாராம். ஆனால் மகள் கடைக்குப் போகப் பையை எடுத்ததும் எழுந்து வந்து கதவருகே நின்றாராம்.

நானே திரும்பக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? அவர் என்ன கேட்டாலும் எனக்குப் புரியப்போவதில்லை.

“புரியாமதானேப்பா தலையாட்டினீங்க?” என்று மகள் கேட்டாள்.

புரியாமல்தான் என்றேன். இந்தியாவுக்கே கூட்டிக்கொள்ளப் போகிறீர்களா என்ற அந்தக் கேள்வியை யாராவது தமிழில் கேட்டிருந்தாலும் என் தலை அப்படித்தான் ஆடியிருக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.